கும்பல் படுகொலைக்குப் பலியானோரின் வாழ்க்கையை ஆவணங்களில் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிஞ்சிங் எனப்படும் கும்பல் படுகொலை, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில், முக்கியமாகத் தென் மாநிலங்களில், பல பத்தாண்டுகள் வெளிப்படையாக நடந்தது. கொல்லப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எங்கே பிறந்தார்கள், யாரை மணந்தார்கள், எந்த நிலத்தில் உழைத்தார்கள் என்பதைப் பட்டியல்கள் சொல்வதில்லை. அதைத் தேட முனைவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் விடைகளும் கீழே உள்ளன.

எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள்? பட்டியலுக்குப் பட்டியல் எண்ணிக்கை மாறுவது ஏன்?

அலபாமாவில் உள்ள டஸ்கீகி கல்வி நிலையம் 1882 முதல் 1968 வரையிலான காலத்துக்கு 4,743 பேரைப் பதிவு செய்துள்ளது. அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். 1,297 பேர் வெள்ளையர் என்ற தலைப்பின்கீழ் வருகிறார்கள். இந்த இரண்டாவது தலைப்பில் மெக்சிகர், சீனர், பூர்வகுடிகள் ஆகியோரும் அடங்கியிருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாண்ட்கமரியில் இயங்கும் ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்போ, 1877 முதல் 1950 வரை 12 தென் மாநிலங்களில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் கொல்லப்பட்டதாக ஆவணப்படுத்தியிருக்கிறது.

ஆண்டு வரம்பு, மாநில வரம்பு, எதை லிஞ்சிங் என்று கொள்வது என்ற வரையறை ஆகிய மூன்றும் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபடுகின்றன. ஒருவர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்குச் சான்று இருக்க வேண்டும், கொன்றவர்கள் மூவர் அல்லது அதற்கு மேற்பட்ட குழுவினராக இருக்க வேண்டும், நீதியையோ இனத்தையோ மரபையோ காப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர்கள் செயல்பட்டிருக்க வேண்டும் என்ற வரையறை 1940-இல்தான் டஸ்கீகியில் நடந்த கூட்டத்தில் உருவானது. பழைய பட்டியல்களில் ஒரே கொலை இரு பெயர்களிலோ இரு கவுண்ட்டிகளிலோ (மாநிலத்தின் உட்பிரிவான, மாவட்டம் போன்ற பகுதி) இருமுறை இடம்பெற்றதும் உண்டு. ஆகவே, பட்டியலைத் தேடலின் தொடக்கமாக மட்டுமே கொள்ளுங்கள்.

பெயரும் தேதியும் இடமும் தெரிந்த பிறகு, வாழ்க்கையை ஏன் தேட வேண்டும்?

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் பெயர், தேதி, கவுண்ட்டி ஆகியவற்றோடு ‘குற்றச்சாட்டு’ என்றொரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் இருப்பது பெரும்பாலும் கும்பல் சொன்ன காரணம். நீதிமன்றம் விசாரிக்காத ஒரு குற்றச்சாட்டு, நூறாண்டுகளுக்குப் பிறகும் இறந்தவரின் பெயருக்கு அருகிலேயே நிற்கிறது. வாழ்க்கையைத் தேடாமல் விட்டால், அவரைப் பற்றி நாம் அறியும் ஒரே செய்தி கொன்றவர்கள் சொன்னதாகவே இருந்துவிடும்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ். 1892 மார்ச் 9 அன்று மெம்பிஸ் நகருக்கு வெளியே தாமஸ் மோஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவர் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மோஸ் தபால்காரர், மனைவியும் மகளும் உடையவர், பிறரோடு கூட்டுச் சேர்ந்து மளிகைக் கடை நடத்தியவர். அருகில் கடை வைத்திருந்த வெள்ளையரின் வியாபாரத்தை அந்தக் கடை பாதித்தது. வெல்ஸ் அந்தக் குடும்பத்தின் நெருங்கிய தோழி, மோஸின் மகளுக்கு ஞானத்தாய். மோஸ் எப்படி வாழ்ந்தார் என்பது நேரடியாகத் தெரிந்திருந்ததால்தான், அவர் ஏன் கொல்லப்பட்டார் என்பதும் வெல்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நமக்கு அந்த அறிமுகம் இல்லை. ஆவணங்களின் வழியாகத்தான் அதைப் பெற முடியும்.

எங்கிருந்து தொடங்குவது?

உள்ளூர்ச் செய்தித்தாளில் தொடங்கி, அதே வாரத்தில் வேறு ஊர்களில் வெளிவந்த இதழ்களையும் சேர்த்துப் படியுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ தொகுப்பில் பழைய செய்தித்தாள்களை இலவசமாகத் தேடலாம். ரிச்மண்ட் பிளானட், சிகாகோ டிஃபெண்டர், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன் போன்ற கறுப்பின மக்களின் இதழ்களைக் கட்டாயம் பாருங்கள். உள்ளூர் வெள்ளை இதழ் எழுதாமல் விட்ட மனைவி மக்களின் பெயரும், உறுப்பினராக இருந்த தேவாலயத்தின் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

முதல் வாசிப்பில் குற்றக் கதையை ஒதுக்கிவிட்டு, வாழ்க்கைக் குறிப்புகளை மட்டும் எடுத்தெழுதுவது நல்ல பழக்கம்: பெயரின் எல்லா வடிவங்களும், சொல்லப்படும் வயது, யாருடைய பண்ணையில் வேலை செய்தார், எந்த ஊரிலிருந்து வந்தவர், உறவினர் யாரேனும் குறிப்பிடப்படுகிறார்களா என்பவை. பெயர் வடிவங்களைச் சிறிய செய்தி என்று விட்டுவிடக் கூடாது. 1899 ஏப்ரல் 23 அன்று ஜார்ஜியாவின் நியூனன் அருகே ஆயிரக்கணக்கானோர் பார்க்க எரித்துக் கொல்லப்பட்டவரை நாளிதழ்கள் சாம் ஹோஸ் என்றும் சாம் ஹோல்ட் என்றும் எழுதின. அவருடைய குடும்பப் பெயர் வில்க்ஸ். வேறு பெயரில் அந்தப் பகுதிக்கு வேலைக்கு வந்தவரைச் செய்தித்தாள் பெயரில் கணக்கெடுப்பில் தேடினால் கிடைக்கமாட்டார். ஐடா வெல்ஸ் ஏற்பாட்டில் சிகாகோவிலிருந்து சென்ற துப்பறிவாளர் லூயி லெ வின், கூலித் தகராறும் நோயுற்ற தாயைப் பார்க்கப் போகும் விருப்பமுமே முதலாளியோடு நேர்ந்த சச்சரவின் தொடக்கம் என்று கண்டறிந்தார். தாய் வேறோர் ஊரில் இருக்கிறார் என்ற அந்த ஒரு குறிப்பே, தேட வேண்டிய கவுண்ட்டியை மாற்றிவிடுகிறது.

செய்தித்தாளை எந்த அளவுக்கு நம்பலாம்?

தேதி, இடம், மனிதர்களின் பெயர்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஏற்கலாம். காரணத்தையும் குணத்தையும் பற்றி அவை சொல்வதை, எழுதியவர்களின் சார்பாகவே கொள்ள வேண்டும். 1918 மே மாதம் தெற்கு ஜார்ஜியாவில், கணவர் ஹேய்ஸ் டர்னர் கொல்லப்பட்ட மறுநாள், நிறைமாதக் கர்ப்பிணியான மேரி டர்னர் கொல்லப்பட்டார். அவருடைய பேச்சு மக்களுக்குச் சினமூட்டியது என்று செய்திகள் எழுதின. தேசிய கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் சார்பில் அங்கே சென்ற வால்டர் வைட், வெள்ளையரைப் போன்ற தோற்றம் கொண்டவர் என்பதால் கொலையில் பங்குகொண்டவர்களிடமே பேசித் தகவல் திரட்டினார். கணவரைக் கொன்றவர்கள்மீது வழக்குத் தொடுப்பேன் என்று மேரி சொன்னதுதான் அந்தப் ‘பேச்சு’ என்பது வைட்டின் விசாரணையில் வெளிப்பட்டது. அந்த அறிக்கை 1918 செப்டம்பரில் ‘தி க்ரைசிஸ்’ இதழில் வெளியானது. இத்தகைய கள விசாரணை நடந்த வழக்குகள் குறைவு. நடக்காத வழக்குகளிலும் செய்தித்தாளின் சொற்கள் அதே அளவு ஐயத்துக்கு உரியவைதாம் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவரை எப்படித் தேடுவது?

இதுவே இந்தத் தேடலின் முதுகெலும்பு என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கணக்கெடுப்பில், கறுப்பின மக்கள் அனைவரையும் பெயரோடு பதிவு செய்த முதல் கணக்கெடுப்பு 1870-இல் நடந்தது. 1880-இல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்ற கட்டம் சேர்க்கப்பட்டது. அதனால் மகன் யார், மருமகன் யார், கூலியாள் யார் என்பது தெரியும். 1890-ஆம் ஆண்டின் படிவங்கள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஏற்பட்ட தீ விபத்தில் சிதைந்து, பின்னர் ஏறத்தாழ முழுமையாகவே அழிந்தன. இந்த இழப்பு நம் தேடலுக்கு மிகப் பெரியது. டஸ்கீகிப் பதிவுகளின்படி மிக அதிகமான கொலைகள் நடந்த ஆண்டு 1892. அந்த ஓராண்டில் மட்டும் 230 பேர். 1881-இல் பிறந்து 1899-இல் கொல்லப்பட்ட ஓர் இளைஞரின் பெயர், இன்று எஞ்சியிருக்கும் எந்தக் கூட்டாட்சிக் கணக்கெடுப்பிலும் இருக்க வழியில்லை. அப்படிப்பட்டவரைத் தேட வேண்டுமானால், 1880-இல் பெற்றோரையும் 1900-இல் எஞ்சிய உடன்பிறந்தாரையும் கண்டுபிடித்து, நடுவில் அவருக்குரிய இடத்தை நாம்தான் அடையாளம் காண வேண்டும்.

1900-ஆம் ஆண்டின் படிவத்தைப் பொறுமையாகப் படியுங்கள். பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டுகள், எழுதப் படிக்கத் தெரியுமா, வீடு சொந்தமா வாடகையா என்பவற்றோடு, பெண்களுக்கு மட்டும் இரண்டு கட்டங்கள் உண்டு: எத்தனை பிள்ளைகளைப் பெற்றார், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள். 1910-இலும் இந்த இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் மகனை இழந்த ஒரு தாயின் வரியில், பெற்ற பிள்ளைகளின் எண் மாறாமல் இருக்க, உயிரோடிருப்போரின் எண் ஒன்று குறைந்திருக்கும். அந்தப் பிள்ளை எப்படி இறந்தான் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.

ஒரே கவுண்ட்டியில் ஒரே பெயரில் பலர் இருந்தால், இவர்தான் அவர் என்று எப்படி முடிவு செய்வது?

ஜான் வில்லியம்ஸ், ஹென்றி ஸ்மித் போன்ற பெயர்கள் ஒரே கவுண்ட்டியில் பலருக்கு இருக்கும். பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து ஒருவரை உறுதிப்படுத்தக் கூடாது. வயது, இனக் குறிப்பு, பண்ணை உரிமையாளரின் பெயர் அதே பக்கத்தில் அண்டை வீடாக வருகிறதா, செய்தியில் சொல்லப்பட்ட சகோதரரோ மனைவியோ அதே வீட்டில் இருக்கிறாரா என்பவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சான்று. அதே நபர் கொலை நடந்த தேதிக்குப் பிந்தைய கணக்கெடுப்பில் உயிரோடு தென்பட்டால், அவரை உடனே நீக்கிவிட வேண்டும். பலர் மறந்துவிடும் சோதனை இது.

சமூகவியலாளர்கள் ஆமி கேட் பெய்லியும் ஸ்டூவர்ட் டால்னேயும் இத்தகைய நெறிமுறைகளோடு தென் மாநிலப் பலியானோரில் 900-க்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுப்புப் பதிவுகளில் அடையாளம் கண்டார்கள். ஆயிரக்கணக்கான பெயர்களில் இவ்வளவுதானா என்று தோன்றலாம். என் மதிப்பீட்டில், ஐயத்துக்கு இடமான பொருத்தங்களை விட்டுவிட்டுப் பெற்ற எண்ணிக்கை என்பதே அதன் பெருமை. வேறொருவரின் மனைவி மக்களை இறந்தவரோடு ஒட்டவைப்பது, அவரை மறுபடியும் ஒருமுறை அழிப்பதாகும்.

அடிமை முறைக் காலத்தில் பிறந்தவரை 1870-க்கு முன்னால் தேட முடியுமா?

முடியும், ஆனால் கடினம். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு வயதும் பாலினமும் நிறமும் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. 1865-இல் தொடங்கி 1874-இல் மூடப்பட்ட ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் பதிவேடுகள் இதற்கு நேர்மாறானவை. கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தார், மனைவி மக்கள், பிறந்த ஊர், சில வேளைகளில் பழைய எசமானரின் பெயர்வரை அவற்றில் எழுதப்பட்டுள்ளன. விடுதலை பெற்றோருக்கான அரசுத் துறையின் கூலி ஒப்பந்தங்களும் திருமணப் பதிவுகளும் இதே காலத்தவை.

நிலம், வரி, நீதிமன்றப் பதிவுகளால் என்ன பயன்?

கொல்லப்பட்டவர்கள் எல்லாரும் நிலமற்ற கூலிகள் என்ற எண்ணத்தை இந்தப் பதிவுகள் உடைத்துவிடும். தென் கரோலினாவின் அபிவில் கவுண்ட்டியில் 1916 அக்டோபர் 21 அன்று கொல்லப்பட்ட ஆண்டனி க்ராஃபோர்டு 427 ஏக்கர் பருத்தி நிலத்துக்கு உரிமையாளர். பெரிய குடும்பத்தின் தந்தை. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயத்தில் பொறுப்பு வகித்தவர். பருத்தி விதைக்கு வெள்ளையரான கடைக்காரர் சொன்ன விலையை ஏற்க மறுத்துப் பேசியதுதான் தகராறின் தொடக்கம். கொலைக்குப் பிறகு குடும்பத்தினரையும் ஊரைவிட்டு வெளியேறச் சொல்லிப் பொதுக்கூட்டம் தீர்மானித்தது.

இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிக் கவுண்ட்டி நீதிமன்றத்தின் பத்திரப் பதிவேடுகள் நிறையச் சொல்லும். விற்றவர் அகரவரிசையும் வாங்கியவர் அகரவரிசையும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பத்திரமும் எந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் சேர்ந்தது என்பதைக் காட்டும். பயிர் அடமானப் பதிவு, அவர் யாரிடம் கடன்பட்டிருந்தார் என்பதைக் காட்டும். இறப்புக்குப் பின் சொத்தை மதிப்பிட்ட பட்டியல் இருந்தால், கோவேறு கழுதை, கலப்பை, வண்டி, கட்டில்வரை விலையோடு வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்த்ததற்கு ஒப்பான ஆவணம் அது. அதன் பிறகு அந்த நிலம் யார் பெயருக்கு, என்ன விலைக்கு மாறியது என்பதையும் தொடர்ந்து பாருங்கள். கொலையால் பயனடைந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை சில வேளைகளில் அங்கே இருக்கும்.

விளைச்சலில் பங்கு தரும் வார முறையில் பிறர் நிலத்தில் பயிரிட்ட குடியானவர்களுக்குப் பத்திரம் இருக்காது. அவர்களுக்கு வரிப் பட்டியலும் திருமணப் பதிவேடும்தான் துணை.

இறப்புச் சான்றிதழ் கிடைக்குமா?

மாநில அளவிலான இறப்புப் பதிவு மிசிசிப்பியில் 1912-இலும், தென் கரோலினாவில் 1915-இலும், ஜார்ஜியாவில் 1919-இலும்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய கொலைகளுக்குச் சான்றிதழைத் தேடிக் காலத்தைச் செலவிட வேண்டாம். பிந்தையவற்றிலும் பலருக்குச் சான்றிதழ் எழுதப்படவே இல்லை. கிடைத்தால், இறப்பின் காரணத்தைவிடத் தகவல் தந்தவர் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். அங்கே கையெழுத்திட்டவர் மனைவியாகவோ சகோதரராகவோ இருந்தால், குடும்பத்துக்குள் செல்லும் கதவு திறந்துவிடும்.

மரண விசாரணை அதிகாரி கூட்டிய ஜூரியின் முடிவுகளில் ‘அடையாளம் தெரியாத நபர்களின் கையால்’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். பல நூறு பேர் கூடி, புகைப்படம் எடுத்து, அதை அஞ்சலட்டையாக விற்ற ஊர்களிலும் இதே தொடர்தான் எழுதப்பட்டது.

படைப் பதிவு அட்டைகள் உதவுமா?

1917, 1918-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 2.4 கோடி ஆண்கள் கட்டாயப் படைச் சேர்ப்புக்காகப் பதிவு செய்துகொண்டார்கள். பிறந்த தேதி, முகவரி, முதலாளியின் பெயர், தன்னை நம்பியிருப்போர் யார் என்பவை அட்டையில் இருக்கும். எழுதத் தெரிந்தவருக்குக் கையொப்பம், தெரியாதவருக்குக் குறி. 1917 ஜூன் 5 அன்று நடந்த முதல் பதிவின் அட்டையில் இடப்பக்கக் கீழ் மூலையில், ஆப்பிரிக்க வம்சாவளியினர் எனில் இந்த மூலையைக் கிழிக்கவும் என்று அச்சிட்டிருந்தார்கள். மின்படத்தில் மூலை கிழிந்த அட்டையைப் பார்த்தால், சேதம் என்று எண்ணிக் கடந்துவிட வேண்டாம். படையில் பணியாற்றியிருந்தால் மேற்கொண்டு பணிக் கோப்பைத் தேடலாம். ஆனால் 1973-இல் செயின்ட் லூயிஸில் ஏற்பட்ட தீயில் 1912 முதல் 1960 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு அழிந்துவிட்டது.

கொலைக் காட்சியின் புகைப்படங்களைப் பயன்படுத்தலாமா?

சான்றாக ஆராயலாம், இறந்தவரின் உருவப்படமாக வெளியிடுவதை நான் ஏற்கவில்லை. படத்தைப் பிடித்தவரும் விற்றவரும் கும்பலின் பக்கம் நின்றவர்கள். 1911 மே 25 அன்று ஓக்லஹோமாவின் ஓக்கிமா அருகே ஒரு பாலத்தில் லாரா நெல்சனும் அவருடைய மகனும் தூக்கிலிடப்பட்ட காட்சி அஞ்சலட்டையாகப் பரவியது. அவர்களைப் பற்றி எழுத விரும்புவோருக்கு அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கெடுப்புப் பக்கம் உதவும்: அங்கே லாரா, கணவர் ஆஸ்டின், மகன் எல்.டி., சிறு குழந்தை கேரி என ஒரு குடும்பம் பதிவாகியிருக்கிறது. சில அறிக்கைகள் மகனை எல்.டபிள்யூ. என்று எழுதிச் சென்றிருக்கின்றன.

அரசுக் கோப்புகளில் எவை கிடைக்கும்?

கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் கடிதங்களும் விசாரணைக் குறிப்புகளும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. நீதித்துறைக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மனைவிமாரும் தாய்மாரும் குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதங்களை இத்தகைய கோப்புகளில் தேட வேண்டும். சில கதவுகள் மூடியே இருக்கின்றன. 1946 ஜூலையில் ஜார்ஜியாவின் மூர்ஸ் ஃபோர்டு பாலத்தருகே இரண்டு தம்பதியர் கொல்லப்பட்ட வழக்கில், பெரு ஜூரியின் (வழக்குத் தொடுக்கலாமா என்று தீர்மானிக்கும் குழு) விசாரணைப் பதிவுகளை வெளியிட முடியாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. அதே நேரத்தில், கடத்திக் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் வழக்கில் 1955-இல் பிறப்பிக்கப்பட்டு நிறைவேற்றப்படாத ஒரு கைது ஆணை, மிசிசிப்பியில் லஃப்ளோர் கவுண்ட்டி நீதிமன்றத்தின் அடித்தளத்தில் ஒரு பெட்டிக்குள் இருந்து 2022-இல் கிடைத்தது. இல்லை என்று எழுத்தர் சொன்ன பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்கக் கேளுங்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா?

பெரும்பகுதியைச் செய்யலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் கணக்கெடுப்பு, படைப் பதிவு, வங்கிப் பதிவேடு ஆகியவற்றின் மின்படங்களைக் காணலாம். கவுண்ட்டிப் பத்திரங்களுக்கும் நீதிமன்றக் கட்டுகளுக்கும் அங்குள்ள எழுத்தருக்கோ உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கோ எழுத வேண்டியிருக்கும்.

வாரிசுகளைக் கண்டுபிடித்துவிட்டால் தொடர்புகொள்ளலாமா?

கணக்கெடுப்புப் படிவங்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியாகின்றன. 1950-ஆம் ஆண்டின் படிவங்கள் 2022 ஏப்ரலில் வந்தன. எனவே, பதிவில் குழந்தையாக இருப்பவர் இன்றும் உயிரோடு இருக்கலாம். சில குடும்பங்கள் நடந்ததைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கின்றன. சில குடும்பங்களில் ஊரை மாற்றி, பெயரை மாற்றி, பிள்ளைகளிடம் ஒன்றுமே சொல்லாமல் விட்டார்கள். முதல் கடிதத்தில் கொலையின் விவரங்களை எழுத வேண்டாம். முன்னோர் ஒருவரைப் பற்றிய பதிவுகள் கிடைத்துள்ளன, விருப்பமிருந்தால் பகிர்கிறேன் என்ற அளவில் நிறுத்திவிட்டு, முடிவை அவர்களிடம் விடுங்கள். வாழும் உறவினரின் பெயரை அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் எங்கும் வெளியிடக் கூடாது.

எவ்வளவு தேடியும் ஒருவரைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் என்ன எழுதுவது?

கிடைத்ததை மட்டும், எந்த அளவுக்கு உறுதி என்ற குறிப்போடு எழுதுங்கள். உறுதியானது, பெரும்பாலும் சரியானது, இருக்கக்கூடியது என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக்கொண்டால் உங்களுக்குப் பின் வருபவர் அங்கிருந்து தொடர முடியும். இடைவெளியைக் கற்பனையால் நிரப்ப வேண்டாம். மாண்ட்கமரியில் 2018-இல் திறக்கப்பட்ட நினைவகத்தில், கவுண்ட்டிக்கு ஒன்றாக நிறுவிய 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்களில், பெயர் கிடைக்காதவர்களுக்குப் ‘பெயர் அறியப்படாதவர்’ என்றே பொறித்திருக்கிறார்கள்.

பட்டியல்களில் பிழை இருப்பதை நீங்கள் கண்டறிந்தால், அந்தப் பட்டியலைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பார்த்த படிவத்தின் ஆண்டு, கவுண்ட்டி, பக்க எண், வரி எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மின்படத்தை இணைத்து, நீங்கள் ஒதுக்கிய ஒத்த பெயர்க்காரர்கள் யார், ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.